காயல் துறையும் கிஷ் தீவும்: தகியுத்தீன் அப்துர் ரகுமானின் வாழ்வும் தீபி மரபின் எழுச்சி வீழ்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய அரசின் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகப் பட்டினங்களின் ஆட்சியாளராகவும் விளங்கியவர் தகியுத்தீன் அப்துர் ரகுமான். பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவை ஆண்ட தீபி குடும்பத்தைச் சேர்ந்த இவர், முத்துக்குளித்துறைக் கடற்கரையைச் சீனத்தோடும் மேற்காசியாவோடும் இணைத்த வணிக அமைப்பின் கிழக்குத் தூணாக நின்றார். அவருடைய அதிகாரத்தின் அடிப்படை, அதன் எல்லை, அவர் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள் அக்குடும்பம் பாண்டியக் கடற்கரையில் நிலைகுலைந்ததன் காரணம் ஆகியவற்றைப் பாரசீக, சீன, ஐரோப்பியச் சான்றுகளையும் தமிழ்க் கல்வெட்டுச் சான்றையும் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காயல், தகியுத்தீன், தீபி மரபு, கிஷ், குதிரை வணிகம், முத்துக்குளிப்பு, பிற்காலப் பாண்டியர், மாபார்.

முன்னுரை

தாமிரபரணியின் கழிமுகப் பகுதியில் துறைமுகம் ஓரிடத்திலேயே நிலைத்திருந்ததில்லை. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு உள்வாங்கியது. அதன் இடத்தை ஆற்று முகத்துவாரத்தில் இருந்த காயல் பெற்றது. காயலும் அவ்வாறே தூர்ந்தபின், போர்த்துகீசியர் காலத்தில் தூத்துக்குடி முதன்மை எய்தியது. இம்மூன்று துறைகளுள் கொற்கை இலக்கியத்தாலும், தூத்துக்குடி அண்மைக்கால ஆவணங்களாலும் நன்கு அறியப்பட்டவை. இடைப்பட்ட காயலின் சிறப்புக்காலம், தமிழில் எழுதப்படாத நூல்களின் வழியாகவே பெரிதும் வெளிப்படுகிறது. அந்நூல்கள் காயலைப் பற்றிப் பேசுமிடங்களில் மீண்டும் மீண்டும் வரும் பெயர் தகியுத்தீன்.

இவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரு துருவங்களாக உள்ளன. காயலில் தனியரசு நிறுவிய முசுலிம் மன்னர் என ஒரு சாரார் கருதுவர். பாண்டியரின் குதிரை வணிகர் என்ற அளவில் அவரைச் சுருக்குவர் மற்றொரு சாரார். இரண்டும் சான்றுகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை. ஓர் அரசின் அமைச்சர், மற்றோர் அரச குடும்பத்தின் உறுப்பினர், இவ்விரண்டிற்கும் இடையே ஓடிய வணிகத்தின் மேலாளர் ஆகிய மூன்று நிலைகளும் அவரிடத்தில் ஒன்றுகூடியிருந்தன. இக்கூட்டு நிலையை விளங்கிக்கொண்டாலன்றி அவருடைய உயர்வையும், அவர் வழியினரின் அழிவையும் விளக்க இயலாது.

சான்றுகளும் அவற்றின் சார்பும்

தகியுத்தீன் வாழ்வை அறிய முதன்மையாக உதவுவன இரண்டு பாரசீக வரலாறுகள். ஒன்று, ஷிராசு நகரைச் சேர்ந்த வருவாய்த்துறை அலுவலரான வஸ்ஸாஃப் எழுதியது. 1312இல் மங்கோலிய இல்கானிய மன்னர் உல்ஜெய்த்துவின் முன் வைக்கப்பட்டது. மற்றொன்று, அதே அரசின் அமைச்சரான ரஷீதுத்தீன் தொகுத்த உலக வரலாறு. இவ்விருவரும் தமிழகக் கிழக்குக் கடற்கரையை, அரபு வணிகர் வழக்கப்படி, மாபார் என்றே குறிக்கின்றனர். கொல்லம் தொடங்கி நெல்லூர் வரை பரந்த நாடாக அது காட்டப்படுகிறது.

வஸ்ஸாஃப் தரும் செய்திகளுள் சிலவற்றுக்கு மூலம் தகியுத்தீனின் உடன்பிறந்தவரான ஜமாலுத்தீன் இப்ராகீமே ஆவார். பாண்டிய மன்னரின் கருவூலம் பற்றிய பேரெண்களும், தகியுத்தீனின் பெருமை பற்றிய உயர்வுநவிற்சிகளும் குடும்ப வழக்காகக் கிடைத்தவை என்பதை ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும். எனினும் குதிரை விலை, ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட தொகை, இழப்பீட்டு ஏற்பாடு முதலியன வருவாய்க் கணக்கில் பழகிய ஒருவர் குறித்துவைத்தவை. ஆதலின் புகழ்மொழியைக் காட்டிலும் இக்கணக்குகளுக்கு மதிப்பு மிகுதி. வெனிசு நகரத்து மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பும், சீன யுவான் அரசமரபின் வரலாறும் இவற்றைச் சரிபார்க்கத் துணைநிற்கின்றன.

தீபி குடும்பத்தின் எழுச்சி

தீபி என்பது ஊர்வழிப் பெயர். ஈராக்கின் வாசித் நகருக்கும் குசிஸ்தானுக்கும் இடைப்பட்ட தீப் என்னும் ஊரிலிருந்து இக்குடும்பம் தோன்றியது. ஜமாலுத்தீன் இப்ராகீம் இளமையில் முத்துக்குத் துளையிடும் தொழில் செய்து, சேர்த்த சிறு முதலுடன் சீனம் சென்று பெருஞ்செல்வம் ஈட்டியதாக அரபு வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்புகள் கூறுகின்றன. முத்தைத் துளைக்கும் கையிலிருந்து முத்து விளையும் கடற்கரையை ஆளும் நிலைக்கு ஒரே தலைமுறையில் இக்குடும்பம் உயர்ந்தமை, அக்காலக் கடல்வணிகத்தின் வேகத்தைக் காட்டுகிறது.

கிஷ் தீவின் பழைய ஆட்சியாளர்கள் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீழ்ந்தனர். பார்சு நாட்டின் சல்கூரிய அத்தாபெக் அபூபக்கர் 1230ஐ ஒட்டி அத்தீவைக் கைக்கொண்டார். பின்னர் அந்நாடு மங்கோலியரின் மேலாண்மையை ஏற்றது. மங்கோலிய இல்கான்கள் வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் முறையைக் கையாண்டனர். பணமுள்ள வணிகர்க்கு அரசதிகாரம் கைவரும் வழி இதனால் திறந்தது. 1290களின் தொடக்கத்தில் ஜமாலுத்தீன் பார்சு நாட்டு வரிக் குத்தகையை ஏற்று, இசுலாத்தின் அரசர் எனப் பொருள்படும் மாலிக்குல் இசுலாம் என்னும் பட்டத்தையும் பெற்றார். வாளால் நாடு பிடிக்காமல், குத்தகைத் தொகையைச் செலுத்தி ஆட்சியுரிமை பெற்ற மரபு இது. அத்தொகைக்கான வருவாயின் ஒரு பகுதி பாண்டியக் கடற்கரையிலிருந்து வந்தது. அதைக் காத்து நின்றவர் தம்பி தகியுத்தீன்.

பாண்டியரின் குதிரைத் தேவை

மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் அரியணை ஏறினான். 1279ஐ ஒட்டிச் சோழ அரசு மறைந்தபின் தமிழகத்தின் பேரரசு பாண்டியருடையதாயிற்று. மன்னன் ஒருவன் தலைமையில் அரச குடும்பத்தார் பலர் ஒரே காலத்தில் வெவ்வேறு பகுதிகளை ஆண்டனர். மார்க்கோ போலோ ஐந்து சகோதர மன்னர் எனக் குறிப்பதும், 1281இல் வந்த யுவான் தூதரின் குறிப்பு ஐந்து சகோதரர் ஓரிடத்தில் கூடியதைச் சொல்வதும் இக்கூட்டாட்சியையே சுட்டுகின்றன. அவர்கள் கூடிய இடத்தின் சீன ஒலிப்பைக் காயலோடு பொருத்துவர் ஆய்வாளர்.

இத்தகைய அரசுக்குக் குதிரைப்படை இன்றியமையாதது. தமிழகத்திலோ போர்க்குதிரைகள் செழித்து வளரவில்லை. பட்டினப்பாலை கடல்வழி வந்த குதிரைகளைக் குறிக்கும் காலந்தொட்டு இத்தேவை தொடர்ந்தது. மணிவாசகர் வரலாற்றில் பாண்டியன் குதிரை வாங்கப் பொருள் கொடுத்தனுப்பும் நிகழ்ச்சி, இவ்வணிகம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்குச் சான்று. வாங்கிய குதிரைகளும் நெடுநாள் வாழ்வதில்லை. ஒவ்வொரு மன்னனும் ஆண்டுதோறும் ஈராயிரம் அளவில் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என மார்க்கோ போலோ எழுதுகிறார். தட்பவெப்பமும், பொருந்தாத தீனியும், பேணுவோர் இன்மையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எண்ணில் மிகையிருக்கலாம், ஆனால் தேவை ஒருமுறை நிறைவேறித் தீர்வதாக இல்லை என்பது தெளிவு.

இத்தேவையை நிரப்பும் ஒப்பந்தத்தை வஸ்ஸாஃப் விரிவாகத் தருகிறார். கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளை ஜமாலுத்தீன் அனுப்ப வேண்டும். கதீஃப், லஹ்சா, பகுரைன், ஹோர்முஸ், கல்ஹாத் முதலிய இடங்களிலிருந்தும் இயன்ற அளவு திரட்டி அனுப்பப்படும். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியக் கருவூலமே செலுத்த வேண்டும். இக்கணக்கின்படி 1,400 குதிரைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 3,08,000 தினார் ஆகிறது. அத்தாபெக் அபூபக்கர் காலத்தில் மாபார், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் 22,00,000 தினார் மதிப்பில் ஏற்றுமதியாயின என்றும் அவர் கூறுகிறார். இத்தொகை கோயில் வருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த மகளிர்மீதான வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாக அவர் சொல்வது, நேரில் காணாதவரின் கேள்விச் செய்தி. எனினும் பெருந்தொகையான பொன் ஆண்டுதோறும் வெளியேறியது என்பதில் மாறுபாடில்லை.

கடலில் இறக்கும் குதிரைக்கும் வாங்குபவரே விலை கொடுக்கும் ஏற்பாடு விற்பவர்க்கு முற்றிலும் நன்மையானது. அதைப் பாண்டிய அரசவையில் ஏற்கச் செய்யவும், ஆண்டுதோறும் நிறைவேற்றவும் அங்கு ஒருவர் தேவைப்பட்டார். தகியுத்தீனின் அரசியல் வாழ்வு இப்புள்ளியில் பொருள் பெறுகிறது.

பதவியும் அதிகாரமும்

ரஷீதுத்தீனின் கூற்றுப்படி, சுந்தர பாண்டியன் என்னும் மன்னனுக்குத் தகியுத்தீன் பிரதிநிதியாகவும் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார். பட்டன், மாலிபட்டன், காபில் ஆகிய மூன்று பட்டினங்களின் ஆட்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாவது பெயர் காயலைக் குறிக்கும். ஏனைய இரண்டும் பாண்டியக் கடற்கரைப் பட்டினங்கள். அவற்றுள் ஒன்றைக் கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினத்தோடு இணைத்துக் காண்போர் உளர். பெரியபட்டினத்தில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அவ்வூரின் கடல்வணிகச் சிறப்பை உறுதி செய்கின்றன. பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு அரசன் அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. சோனகர் பாண்டிய நாட்டில் அரச ஆதரவுடன் வேரூன்றிய குடியினராக இருந்தமைக்கு இது தமிழ்ச்சான்று. தகியுத்தீன் வெறுமையான கரையில் வந்திறங்கியவர் அல்லர். முன்னரே நிலைத்திருந்த ஒரு சமுதாயத்தின் மேல்நிலையில் அவர் அமர்ந்தார்.

அவர் கையாண்ட வணிக நடைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. சீனத்திலிருந்தும் இந்தியப் பகுதிகளிலிருந்தும் மாபாருக்கு வரும் சரக்குகளுள் வேண்டியவற்றை முதலில் தகியுத்தீனின் முகவர்கள் தேர்ந்தெடுப்பர். அதுவரை பிறர் எதையும் வாங்கலாகாது. தேர்ந்தவை அவருடைய கப்பல்களிலோ பிற வணிகர் வழியாகவோ கிஷ் தீவுக்குச் செல்லும். அங்கும் ஜமாலுத்தீனின் முகவர்கள் தேர்ந்த பின்னரே மற்றவர்க்கு விற்பனை. எஞ்சியவை கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து செல்லும். அவற்றின் விலையைக் கொண்டு திரும்பும் பயணத்துக்கான சரக்கு வாங்கப்படும். கடலின் இரு முனைகளிலும் முதல் கொள்முதல் உரிமை ஒரே குடும்பத்திடம் இருந்தமையால், இடைப்பட்ட வழியில் எவர் கப்பல் ஓட்டினாலும் விலையை அக்குடும்பமே பெரிதும் வரையறுத்தது.

பாண்டிய அரசவையில் செல்வாக்குப் பெற்ற வெளிநாட்டு முசுலிம் இவர் ஒருவரே அல்லர். கல்ஹாத் நகரக் குடும்பத்தைச் சேர்ந்த பூ அலி என்பவர் மாபார் அமைச்சர்களுள் ஒருவராக இருந்து, குப்லாய் கானின் தூதர்களோடு தனித்தொடர்பு வளர்த்தார். 1291இல் அவர் சீனத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே 1299இல் இறந்தார். இருவர் வாழ்வும் ஒரே சூழலில் தோன்றி எதிரெதிர்த் திசையில் சென்றன. பூ அலி வெளியரசின் அடைக்கலத்தை நாடி மாபாரில் தமக்கிருந்த இடத்தை இழந்தார். தகியுத்தீன் பாண்டியப் பணியில் நிலைத்து அவ்விடத்தை விரிவாக்கினார். அண்டை இலங்கையில் யாப்பகூவாவை ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283இல் எகிப்தின் மம்லூக் சுல்தானுக்குத் தூதனுப்பி நேரடி வணிகத்துக்கு அழைத்தான். பாண்டியக் கரையையும் வளைகுடாவையும் தவிர்த்துச் செல்லும் வழிகளைப் பிறர் தேடிக்கொண்டிருந்தனர் என்பதை இது காட்டுகிறது. போட்டி சூழ்ந்த கடலிலேயே தகியுத்தீன் தம் நிலையைக் காத்தார்.

முத்துக்குளிப்பும் காயலும்

மார்க்கோ போலோ 1290களின் தொடக்கத்தில் இக்கரையைக் கண்டார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் வரும் கப்பல்கள் காயலில் தங்குவதை அவர் குறிக்கிறார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஏப்ரலில் தொடங்கி மே மாத நடுப்பகுதிவரை நடந்தது. வணிகர் குழுவாகச் சேர்ந்து, குளிப்பவர்க்குக் கூலி பேசிப் படகுகளில் செல்வர். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு உரியது. சுறா தீங்கு செய்யாதபடி மந்திரம் செய்பவர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது.

இவ்வமைப்பில் உழைப்புப் பரதவருடையது; முதல் வணிகருடையது; வரி அரசனுடையது. சலாபம் நடக்கும் கடற்கரையின் தலைமைத் துறையை ஆண்ட தகியுத்தீன் இம்மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருந்தார். ஏற்றிவந்த குதிரைக்குப் பொன் வாங்கிய கப்பல் வெறுமையாகத் திரும்புவதில்லை; சிறு இடத்தில் பெருமதிப்பு அடங்கும் முத்து, திரும்பும் பயணத்துக்கு மிகவும் ஏற்ற சரக்கு. பார்களில் சிப்பி விளைவது ஆண்டுதோறும் ஒரே சீராக இராது. ஆகவே முத்து வருவாயை மட்டும் நம்பிய துறை நலிவுற நேரும். குதிரை வணிகம் அந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்தது. காயல் கொற்கையினும் விரிந்த துறையாக வளர்ந்தமைக்கு இவ்விரு வணிகங்களின் இணைப்பு முக்கியக் காரணம். 19ஆம் நூற்றாண்டில் இராபர்ட் கால்டுவெல் பழையகாயல் பகுதியை ஆராய்ந்து, அங்குப் பரவிக் கிடந்த சீன, அரபு நாட்டு மட்கல ஓடுகளைக் கண்டு, மார்க்கோ போலோ குறித்த காயல் அதுவே என நிறுவ முயன்றார். தகியுத்தீன் காலத்துச் சரக்குப் போக்குவரத்துக்குப் பொருந்திய மண்சான்று அது.

1293ஆம் ஆண்டு மாற்றம்

ஹிஜ்ரி 692, அதாவது கி.பி. 1293இல், மாபார் மன்னன் இறந்ததாக வஸ்ஸாஃப் எழுதுகிறார். இம்மன்னனைக் குலசேகரனோடு உடன் ஆண்ட சடையவர்மன் சுந்தர பாண்டியனாகக் கொள்வது பொருந்தும். அவன் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து 7,000 எருதுகள் சுமந்த மணியும் பொன்னும் வெள்ளியும், அவனுக்குப் பின் ஆட்சிக்கு வந்த சகோதரனுக்குக் கிடைத்தன என ஜமாலுத்தீன் சொன்னதாகக் குறிப்பு உள்ளது. எண்ணை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. கவனிக்கத்தக்கது அடுத்து வரும் செய்தி: ஆட்சி மாறியபோதும் தகியுத்தீன் தலைமை அமைச்சராகவே தொடர்ந்தார், அவருடைய செல்வாக்கு முன்னினும் பெருகியது.

தனிமனித நட்பால் கிடைத்த பதவி அம்மனிதனோடு முடிவதே இயல்பு. தகியுத்தீனின் பதவி மன்னன் மறைவைத் தாண்டி நின்றது. ஏனெனில் புதிய ஆட்சியாளனுக்கும் குதிரை வேண்டும், பொன் வேண்டும், கிஷ் தீவோடு உறவு வேண்டும். இதே காலத்தில் மறுகரையில் ஜமாலுத்தீனும் பட்டமும் குத்தகையும் பெற்று உச்சநிலையை எட்டினார். இந்தியாவின் எல்லைக்காவலர் எனப் பொருள்படும் மர்சுபான் என்னும் சிறப்புப் பெயரால் தகியுத்தீன் சுட்டப்படுவதும் இந்நிலைக்கு ஏற்றதே. அப்பெயரை வழங்கியவர்கள் பாரசீக எழுத்தாளர்கள் என்பதையும் மறக்கலாகாது. அவர்கள் பார்வையில் மாபார் தம் கடலின் எல்லை. பாண்டியன் பார்வையில் தகியுத்தீன் தன் ஆணைக்குட்பட்ட அலுவலர்.

மறைவும் வாரிசுரிமையும்

தகியுத்தீன் ஹிஜ்ரி 702இல், கி.பி. 1302-03இல், மறைந்தார். அவருடைய அதிகாரத்தின் உண்மை இயல்பை அவர் மறைவே வெளிப்படுத்தியது. மாபார் மன்னன் அவருடைய செல்வத்தைக் கைப்பற்ற முனைந்தான். மகன் சிராசுத்தீன் இரண்டு இலட்சம் தினார் செலுத்தி மன்னனின் இசைவைப் பெற்றார். தந்தையின் சொத்தும் பதவியும் அவருக்கு அதன்பின்னரே கிட்டின.

இந்நிகழ்ச்சி தகியுத்தீனைத் தனியரசராகக் கருதும் கொள்கைக்கு இடம் தரவில்லை. தனியரசர் ஒருவரின் வாரிசு, தந்தையின் இடத்தைப் பிறிதொரு மன்னனிடம் விலை கொடுத்துப் பெற வேண்டுவதில்லை. அதே நேரத்தில் அவர் எளிய வணிகரும் அல்லர் என்பதையும் இது காட்டுகிறது. எளிய வணிகர் பதவிக்கு இரண்டு இலட்சம் தினார் மதிப்பு இராது. அத்தொகை ஏறத்தாழ 909 குதிரைகளின் விலை. கிஷ் ஒப்பந்தத்தின் ஓராண்டுத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. மாபார் பதவி, ஜமாலுத்தீன் பார்சில் ஏற்ற குத்தகையைப் போலவே, செலுத்தும் பொருளால் புதுப்பிக்கப்படுவதாயிற்று.

தகியுத்தீன் மாபாரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளுக்குள் அவ்வடக்கத்தலத்தின் அருகில் மற்றொரு கல்லறை எழுந்தது. ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் அகமது, இல்கான் காசானின் தூதராக ஹிஜ்ரி 697இல் சீனம் புறப்பட்டவர். அரசு முதலாக ஒரு இலட்சம் தினாரும், மணிகளும், வேட்டைச் சிறுத்தைகளும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. யுவான் பேரரசர் தைமூரின் அவையில் வரவேற்புப் பெற்றுத் திரும்பும் வழியில், மாபாரை அடைய இரு நாள் பயணமே எஞ்சியிருந்தபோது, ஹிஜ்ரி 704இன் இறுதியில் அவர் இறந்தார். சிற்றப்பாவின் கல்லறைக்கு அருகே அவர் புதைக்கப்பட்டார். ஜமாலுத்தீன் 1306இல் மறைந்தார். மூன்று முதன்மை ஆடவரை நான்கு ஆண்டுகளுக்குள் இக்குடும்பம் இழந்தது.

இரு கரைகளில் வீழ்ச்சி

பாண்டிய நாட்டில் 1310ஐ ஒட்டிக் குலசேகரன் கொல்லப்பட்டான். மக்களான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் போரிட்டனர். 1311இல் தில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் படைத்தலைவர் மாலிக் காபூர் மாபாருக்குள் நுழைந்தார். வீர பாண்டியன் படையில் இருந்த முசுலிம் வீரர்கள் அப்போது சரணடைந்து உயிர் பிழைத்ததாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். மாலிக் காபூர் கொண்டுசென்ற கொள்ளையில் யானைகளோடு 5,000 குதிரைகளும் அடங்கும். கடல்வழி வந்த குதிரைகளைப் பல ஆண்டுகள் பொன் கொடுத்து வாங்கிய அரசு, தரைவழி வந்த படையிடம் அவற்றை ஒரே பருவத்தில் இழந்தது.

1318இல் தில்லியிலிருந்து குஸ்ரு கான் வந்தார். தகி என்னும் பெருவணிகர் முறையாகச் சகாத்து கொடுப்பவர். வந்தது முசுலிம் படை என்று நம்பி ஓடாமல் இருந்தார். குஸ்ரு கான் அவர் பொருளைப் பறித்து அவரைக் கொன்றார் என்பது சியாவுத்தீன் பரணியின் கூற்று. பட்டனில் இருந்த சிராசு தகி என்பவரின் செல்வத்தைக் கைப்பற்றிய குஸ்ரு கான், அவர் மகளையும் மணக்க விரும்பியதால் அவர் நஞ்சுண்டு இறந்தார் என்பது இசாமி தரும் செய்தி. இரு குறிப்புகளும் மரண முறையில் வேறுபடினும் ஒருவரையே சுட்டுவனவாகக் கொள்ள இடமுண்டு. தகியுத்தீனின் மகன் சிராசுத்தீனே அவர் என்பது பெயரமைப்பாலும், இடத்தாலும், செல்வநிலையாலும் பொருந்துகிறது. பாண்டியர் ஆட்சியில் அரை நூற்றாண்டுக்கு அண்மையாகப் பாதுகாப்புடன் வாழ்ந்த முசுலிம் குடும்பம், முசுலிம் படையாலேயே அழிந்தது. சமயம் அங்குக் காப்பாகவும் இல்லை, அழிவின் காரணமாகவும் இல்லை. திரண்ட செல்வமும், அதைக் காக்க வேண்டிய அரசு சிதைந்தமையுமே காரணங்கள்.

மறுகரையிலும் நிலை மாறியது. கிஷ் தீவின் போட்டித் துறையான ஹோர்முஸ் 1300ஐ ஒட்டி நிலப்பகுதியிலிருந்து ஜரூன் தீவுக்கு இடம்பெயர்ந்து வலுப்பெற்றது. ஜமாலுத்தீனின் வழியினரால் அதன் வளர்ச்சியைத் தடுக்க இயலவில்லை. 1330ஐ ஒட்டி ஹோர்முஸ் மன்னர் குத்புத்தீன் தகம்தன் கிஷ் தீவைக் கைப்பற்றினார். மாபார் வருவாய் குன்றிய பின்னரே இவ்வீழ்ச்சி முற்றுப்பெற்றது. மாபாரிலோ 1323இல் தில்லியின் நேரடி ஆட்சி ஏற்பட்டு, 1330களில் ஜலாலுத்தீன் அசன் கானின் தலைமையில் மதுரைச் சுல்தானகமாகப் பிரிந்து, விசயநகரப் படையெடுப்புகளால் தளர்ந்து 1378ஐ ஒட்டி முடிவுற்றது. தீபி மரபும் மதுரைச் சுல்தானகமும் ஒரே நிலப்பகுதியில் அடுத்தடுத்துத் தோன்றிய இருவேறு அதிகார வகைகள். முன்னது கடல்வணிகத்தால் எழுந்து பாண்டிய அரசுக்குள் அடங்கி வாழ்ந்தது. பின்னது படைவலியால் எழுந்து அவ்வரசின் இடத்தில் அமர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து நோக்குவதே தகியுத்தீனைப் பற்றிய பிழைபட்ட மதிப்பீடுகளுக்கு வழிவகுத்தது.

முடிவுரை

தகியுத்தீனின் அதிகாரம் மூன்று தாங்குகளின் மேல் நின்றது: பாண்டியன் தந்த ஆட்சியுரிமை, அண்ணன் கைக்கொண்ட கிஷ் தீவு, இரண்டையும் இணைத்த கடல்வழி. இவற்றுள் எதுவும் அவருடைய தனியுடைமை அன்று. மூன்றும் ஒருங்கே நின்ற காலத்தில் மன்னன் இறந்தும் அவர் நிலை அசையவில்லை. அவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது, மகனால் பொருள் கொடுத்தும் அந்நிலையைக் காக்க முடியவில்லை. இடைக்கால இந்தியப் பெருங்கடலில் எழுந்த பல வணிக அரசமரபுகளின் எழுச்சி வீழ்ச்சியை விளக்கவும் இவ்வாழ்க்கை ஓர் அளவுகோலாகிறது.

எனினும் அவர் வகித்த இடம் குடும்பத்தோடு மறையவில்லை. 1515ஐ ஒட்டி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, காயலில் முத்து வரியை நெடுங்காலமாகக் குத்தகை எடுத்திருந்த செல்வமிக்க முசுலிம் ஒருவரைக் குறிக்கிறார். மக்கள் அவரை மன்னர்போல் மதித்தனர் என்றும், முசுலிம்களின் வழக்குகளை மன்னன் தலையீடின்றி அவரே தீர்த்தார் என்றும் கூறுகிறார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும், அரசு மாறியும், அதே கரையில் அதே வகை அதிகாரம் தொடர்ந்தது. 1530களில் பரதவர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை ஏற்றுக் கிறித்தவராயினர். முத்துக்குளிப்பின் தலைமைத் துறை தூத்துக்குடிக்கு நகர்ந்ததும் அவ்வதிகாரம் வேறு கைகளுக்குச் சென்றது. கொற்கைக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் முத்துக்குளித்துறையின் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது என்பதற்குத் தகியுத்தீனின் வாழ்வு முதன்மைச் சான்றாக நிற்கிறது.